கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை: பாலிஷுக்குப் பிறகு வந்த ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே ஒரு ஊரில் விசைத்தறி ஓட்டுபவர் ஒருவரின் வண்டி இது. ஐந்து வருடம் ஓடிய, சாம்பல் நிறச் சின்ன எஸ்யூவி. இந்த வகை வண்டிகளில் சக்கர வளைவு, கதவின் அடிப்பாகம், பம்பரின் விளிம்பு, வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டு, பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதி என்று எங்கும் பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்தான். அது வழவழப்பாக இருக்காது. தோல் மாதிரி சொரசொரப்பாக அச்சு போட்டிருப்பார்கள். பெயிண்டில் ஒட்டிய பாலிஷைத் துணியால் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம். இந்தச் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் போனதைத் துணி தொடவே தொடாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டி ஊருக்குப் பக்கத்தில் சாலையோர வாட்டர் வாஷ் கடைக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கடை எப்படி இருந்திருக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறிக்குடோனைக் கழுவி முடித்ததும் வேன், டெம்போ, புல்லட், கார் எல்லாம் ஒரே நாளில் வரிசையில் வந்து நிற்கும். கடைக்காரர் கம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசை போட்டு, சுழலும் பேட் வைத்த மெஷினில் பஃபிங் செய்து, மேலே கையால் வேக்ஸும் தேய்த்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் ஓரங்களில் டேப் ஒட்டவில்லை. வெட்டவெளியில் வேலை நடந்ததால் தேய்த்தது தேய்த்த இடத்திலேயே காய்ந்துவிட்டது. கடைசியாக ஒரு முறை தண்ணீர் அடித்து, ஈரத்தோடு வண்டியை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, பூஜை முடிந்தது. வெள்ளை தெரிய ஆரம்பித்தது அதற்கு அடுத்த நாள்.

அடுத்த மூன்று மாதத்தில் நடந்ததை உரிமையாளரும் கல்லூரியில் படிக்கும் அவர் மகனும் சேர்ந்து சொன்னார்கள். முதலில் சோப்புத்தூள் கரைத்துத் தேய்த்திருக்கிறார்கள், அசையவில்லை. அப்புறம் மகன் டயர் பாலிஷ் வாங்கிப் பூசினார். வண்டி புதுசு மாதிரி இருந்தது, ஒரு மழைக்குப் பிறகு பழையபடி ஆனது. பிறகு வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெய். காங்கேயம் ஆலை எண்ணெய் எப்போதும் டின்னில் இருக்கும் வீடு அது. எண்ணெய் தடவியதும் கறுப்பு திரும்பியது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தடவிக்கொண்டே இருந்தார்கள். மார்கழி பிறந்ததும் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது: விடியற்காலையில் பிளாஸ்டிக் முழுக்கச் சாம்பல் பூத்தது மாதிரி இருக்கும், பத்து மணி வெயிலில் மறைந்துவிடும்.

தை மாதம் வேறொரு கடையில் காட்டினார்கள். அங்கே பக்கக் கண்ணாடியின் அடியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "இது போகாதுங்க, கறுப்பு பெயிண்ட் அடிச்சு உட்றலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். தின்னர் பட்ட இடம் வெளிறிப்போனதைப் பார்த்த உரிமையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதே வாரம் சூலூர்ப் பக்கம் திருச்சி சாலையில் இருக்கும் எங்கள் வண்டிப் பாலிஷ் கூடத்துக்கு வந்தார்.

வண்டி வந்தபோது கண்டது

வண்டியை நிழலில் நிறுத்தி, துடைக்காமல் கொள்ளாமல் படம் எடுத்தோம். கதவுக் கிளாடிங்கின், அதாவது கதவின் அடிப்பாகத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கின், மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு, பஃபிங் பேட் சுழன்ற வளைவு அப்படியே தெரிந்தது. பின் பம்பரின் மேல்படியில் திட்டுத் திட்டாக, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் கோடும் இல்லை, திட்டும் இல்லை. சின்னச் சின்ன வட்டங்கள். பின் பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கீறல்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பிசுபிசுப்பான படலம், அதில் தறிக்குடோன் பஞ்சு. எண்ணெய் தடவின பிளாஸ்டிக்கில் தறிப் பஞ்சு ஒட்டினால் அது தனி அழுக்கு. தண்ணீர் அடித்தால் ஈரமாகிக் கெட்டியாகப் படியும், வராது.

ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் தெளித்ததும் அத்தனை வெள்ளையும் மறைந்தது. காய்ந்த பள்ளத்தில் இருக்கும் தூளும் காற்றும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தைத் தண்ணீரோ எண்ணெயோ நிரப்பினால் சிதறல் குறைந்து அடியில் இருக்கும் கறுப்பு தெரியும். வாட்டர் வாஷ் கடையில் யாருக்கும் கறை கண்ணில் படாததற்கும், டயர் பாலிஷும் தேங்காய் எண்ணெயும் ‘வேலை செய்ததற்கும்’ காரணம் ஒன்றே. கறை ஒரு நாளும் போகவில்லை.

மார்கழிக் காலை மர்மம் எளிது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறையும். பல்லடம் வட்டாரத்தில் மார்கழி விடியல் அதற்கும் கீழே போகும். குளியலறை பாட்டிலில் எண்ணெய் கட்டியாவதை எல்லோரும் பார்க்கிறோம். அதே எண்ணெய்தான் பம்பரின் பள்ளத்திலும் உறைந்தது. இது கறை இல்லை என்பதை மகன் சட்டென்று புரிந்துகொண்டார். உரிமையாளருக்கு மட்டும் அன்று சாயந்திரம் வரை சந்தேகம் இருந்தது.

எது எந்த வெள்ளை

எண்ணெய்ப் படலம் இருக்கும் வரை எந்தச் சோதனையும் பொய் சொல்லும் என்பதால் முதலில் நான்கு இடங்களை மட்டும் சுத்தம் செய்தோம். ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டோம். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கதவு விளிம்பில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததைத் தொட்டுத் தேய்த்ததும் குச்சி சாம்பல் வெள்ளையாகப் பிசுக்கோடு வந்தது. கறையும் மங்கியது. இது கம்பவுண்டு. கம்பவுண்டு என்பது அலுமினியம் ஆக்சைடு மாதிரியான நுண்ணிய தேய்ப்புத் தூளை எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பில் போட்டது. தண்ணீர் ஆவியாகிப் போனபின் எண்ணெய்தான் அந்தத் தூளைப் பள்ளத்தோடு பிடித்து வைத்திருக்கிறது. எண்ணெயைக் கரைக்கலாம். தூள் இந்த வேலைக்கு எடுக்கும் எந்தத் திரவத்திலும் கரையாது, பிரஷ்ஷால் கிளப்பித்தான் எடுக்க வேண்டும். துணியால் மட்டும் தேய்ப்பவர்கள் பாதியில் கைவிடுவது இதனால்தான்.

பின் பம்பரின் மேல்படியில் ஆல்கஹால் ஒன்றும் செய்யவில்லை. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நின்றது. இது வேக்ஸ். கார் வேக்ஸில் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகைச் சேர்ப்பார்கள். அது உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும், சாதாரணச் சூட்டில் ஆல்கஹாலில் கரையாது. கடைகளில் ஆல்கஹாலை வைத்து மணிக்கணக்காகத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பாலிஷ் எண்ணெய்க்குச் சரியான பொருள், வேக்ஸுக்குத் தவறான பொருள்.

வைப்பர் தட்டின் வட்டங்கள் ஆல்கஹாலுக்கும் அசையவில்லை, நகத்துக்கும் வரவில்லை. சமையல் வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு வைத்தோம். மெல்லியதாகக் குமிழ் விட்டது. ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் கறுப்பு. இது பாலிஷே இல்லை, போர்த் தண்ணீரின் உப்பு. வீட்டில் வண்டி எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "போர்த் தண்ணிதானுங்க, நல்ல தண்ணிக்கு எங்கீங்க போறது" என்றார் உரிமையாளர். அடுத்த முறை பாட்டிலில் கொண்டு வந்த தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தபோது 1,300-க்கு மேல் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. எருமை குடிக்கலாம், துணி துவைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் வெயிலில் காயவிட்டால் கால்சியம் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இடது மூலைப் பளபளப்பில் நான்காவது குச்சியோடு எந்த மருந்தும் பலிக்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் சொரசொரப்பே அங்கே இல்லை. மெஷின் பேட் ஒரே இடத்தில் அழுத்தி நின்று, சூட்டில் அச்சை மழித்திருக்கிறது. மேலே இருந்த வெள்ளைக் கீறல்கள் பிளாஸ்டிக்குக்கே ஆன காயம். பம்பரின் உட்புறத்தில் பிபி, ஈபிடிஎம், டி20 என்ற குறி வார்த்திருந்தது: பாலிபுரொப்பிலீனில் ரப்பர் கலந்து, நூற்றுக்கு 20 பங்கு டால்க் என்னும் மாக்கல் தூள் சேர்த்த கலவை. இந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கீறினால் கீறல் வெள்ளையாகத்தான் தெரியும். அதைத் துடைத்து எடுக்க முடியாது.

வெயில் வெளுப்பாக இருக்குமோ என்றும் பார்த்தோம். வெயிலில் வெளுத்தால் மேல்நோக்கிய பரப்பு முழுவதும் ஒரே சீராக மங்கும், பெயிண்டை ஒட்டிய ஓரத்தில் மட்டும் கோடு போடாது. கூரைத் தண்டின் மேல் லேசாக அது இருந்தது. வண்டி வந்த காரணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, விட்டுவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பெயிண்ட் வேண்டாம் என்பதில் முதலிலேயே தெளிவாக இருந்தோம். பாலிபுரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. அதற்கென்ற பிரைமர் இல்லாமல் அடித்த பெயிண்ட் ஒரு கோடையில் உரியும். அடியில் வேக்ஸும் எண்ணெயும் இருந்தால் அதுவரைகூடத் தாங்காது. "ரண்டாயிரத்துல முடிச்சுத் தர்றேன்னாங்க" என்றார் உரிமையாளர். முடித்துத் தந்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை.

தின்னர் விஷயத்தில் வண்டியே பாடம் வைத்திருந்தது. பம்பர் பாலிபுரொப்பிலீன் என்றாலும், பக்கக் கண்ணாடியின் அடியில் இருந்த குறி ஏபிஎஸ், அது வேறு வகைப் பிளாஸ்டிக். கடைத் தின்னரில் அசிட்டோன், டொலுவீன் போன்றவை கலந்திருக்கும். ஏபிஎஸ்ஸின் மேற்பரப்பை அவை கரைத்துவிடும். அந்த வெளிறல் கறை இல்லை, கரைந்து மறுபடி காய்ந்த பிளாஸ்டிக். ஒரே வண்டியில் இரண்டு வகைப் பிளாஸ்டிக் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது பார்க்காமல் தின்னர் எடுப்பது சூதாட்டம்.

எங்கள் கூடத்துத் தம்பி ஒருவர் ஹீட் கன் போடலாமா என்று கேட்டார். சூட்டில் பிளாஸ்டிக் கறுத்து வருவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். ஹீட் கன்னின் காற்று பல நூறு டிகிரி போகும், பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். கறுப்பு வரும், சொரசொரப்பு போகும், திட்டுத் திட்டாகப் பளபளக்கும். ஏற்கெனவே ஒரு மூலையில் அந்தக் கதைதான் நடந்திருக்கிறது. வேக்ஸை இளக்குவதற்கு மட்டும் தலை காயவைக்கும் ஹேர் டிரையரே போதும் என்று முடிவானது. மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் மெலமைன் நுரையையும் ஒதுக்கினோம். அது நுண்ணிய உப்புத்தாள் மாதிரி தேய்த்து எடுப்பது. ஒரு புள்ளிக்குச் சரி, கதவு நீளத்துக்குத் தேய்த்தால் அச்சின் முனைகள் மழுங்கும்.

வரிசையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். எண்ணெய், கம்பவுண்டு, வேக்ஸ், கடைசியில் உப்பு என்று முடிவு செய்தோம். காரணம், வேக்ஸோ எண்ணெயோ மேலே மூடியிருந்தால் வினிகர் அடியில் இருக்கும் உப்பைத் தொடாது. பின் பம்பரில் சில இடங்களில் வேக்ஸ் திட்டின் மேல் உப்பு வட்டமும் இருந்தது. அங்கே மட்டும் வினிகர் இரண்டு தடவை தேவைப்படும் என்று குறித்துக்கொண்டோம்.

செய்த வேலை

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தோம். கறுப்பு பிளாஸ்டிக் சூடாக இருந்தால் ஆல்கஹால் கறையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். தீப்பிடிக்கும் பொருளும்கூட, கதவு திறந்த இடத்தில், பக்கத்தில் வெல்டிங் எதுவும் நடக்காத நேரத்தில் செய்தோம். பிளாஸ்டிக்கை ஒட்டிய பெயிண்ட் முழுவதும் மாஸ்கிங் டேப். ஆயுத பூஜைக்கு முன்னாடி ஒட்ட வேண்டிய டேப் தை மாதத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டப்பட்டது.

எண்ணெயை எடுக்கவே எதிர்பார்த்ததைவிட நேரம் ஆனது. பத்துக்கு ஒன்று கலவை முதல் சுற்றில் பஞ்சையும் பழுப்பு நிறப் பிசுக்கையும் கொண்டுவந்தது. இரண்டாம் சுற்றுக்கு நான்குக்கு ஒன்றாகக் கூட்டினோம். காயவிடாமல் அலசிவிட வேண்டும். இந்த கிளீனர்கள் காரத்தன்மை உள்ளவை, காய்ந்தால் அவையே ஒரு கறை வைக்கும்.

எண்ணெய் போனதும் வண்டி வந்ததைவிட மோசமாகத் தெரிந்தது. இதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது நல்லதாகப் போனது. மதியம் எட்டிப் பார்த்தவர், "ஏனுங், இன்னும் வெளுத்துப் போச்சுங்களே" என்று கேட்டார். மறைந்திருந்தது முழுக்க வெளியே வந்திருக்கிறது, இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்றோம். தலையாட்டினார், முகத்தில் நம்பிக்கை பெரிதாக இல்லை.

கதவு விளிம்புகளில் ஆல்கஹால் கலவையை நேராக அடிக்காமல் பிரஷ்ஷில் தெளித்து, ஒரு ஜாண் நீளம் மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சின் போக்கிலும் குறுக்கிலும் சின்ன வட்டமாகவும் தேய்த்தோம். தூள் கிளம்பி நுரைத்ததும் உடனே துணியால் ஒற்றி எடுப்போம், இழுத்துத் துடைக்க மாட்டோம். இழுத்தால் கிளம்பிய தூள் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்காரும். துணி விஷயத்தில் ஒரு சின்னச் சங்கதி. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் துடைக்கும் துணி. விலை குறைவு, நன்றாக உறிஞ்சும். ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிர்ந்து சொரசொரப்பில் மாட்டிக்கொள்ளும். கலர் பனியனாக இருந்தால் ஆல்கஹாலில் சாயமும் இறங்கும். எண்ணெய் எடுக்கும் கட்டத்துக்கு வெள்ளை பனியன் வேஸ்ட், கம்பவுண்டு கட்டத்திலிருந்து மைக்ரோஃபைபர் என்று பிரித்துக்கொண்டோம்.

பின் பம்பர் வேக்ஸுக்கு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, கை பொறுக்கும் சூடு வரை காட்டினோம். அந்தச் சூடு கார்னௌபாவை உருக்காது. ஆனால் டப்பா வேக்ஸில் கலந்திருக்கும் மற்ற மெழுகுகளும் எண்ணெயும் இளகுவதால் மொத்தத் திட்டும் பிடி தளரும். இளகியதும் டிரையரை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, பெயிண்ட் கடையில் எம்டிஓ என்று கேட்டால் தரும் மினரல் டர்பன்டைனைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்தோம், பிரஷ் போட்டோம், ஒற்றினோம். சூடான டிரையரும் டர்பன்டைனும் ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடாது என்பதற்காக இரண்டையும் இரண்டு பேரிடம் கொடுத்திருந்தோம். கதவுக் கண்ணாடியின் ரப்பர் பீடிங் பக்கம் டர்பன்டைன் போகவே இல்லை. ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். கடைசியில் சோப்புத் தண்ணீரால் டர்பன்டைனின் பிசுக்கையும் கழுவினோம்.

மறுநாள் உப்பு. வினிகர் கலவையில் நனைத்த துணியை வைப்பர் தட்டின் மேல் சில நிமிடம் போர்த்தி வைத்து, பிரஷ் போட்டு அலசினோம். ஒரு சில வட்டங்கள் மட்டும் நிழல் மாதிரி நின்றன. தண்ணீரில் சிலிக்கா இருந்தால் அது வினிகருக்குக் கரையாது. அமிலத்தின் வலுவைக் கூட்டி அவற்றைத் துரத்த வேண்டாம் என்று விட்டோம். ஒரு முழ தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். கடைசி அலசல் ஆர்ஓ தண்ணீரில். இரண்டு நாள் வேலை செய்து உப்பை எடுத்துவிட்டு அதே போர்த் தண்ணீரால் அலசுவதில் அர்த்தமில்லை.

பக்கக் கண்ணாடி அடியில் தின்னர் பட்ட வெளிறலையும் இடது மூலைப் பளபளப்பையும் தொடவில்லை.

வண்டியைக் கொடுத்தபோதும் அப்புறமும்

மேலே எதுவும் பூசாமல் காய்ந்த நிலையில் வெயிலில் நிறுத்திக் காட்டினோம். கதவுகள், சக்கர வளைவுகள், பம்பரின் மேல்படி எல்லாம் சீரான மங்கிய கறுப்பு. பளபளப்பு இல்லாதது உரிமையாளருக்கு முதலில் குறையாகப் பட்டது. புது வண்டி ஷோரூமில் நிற்கும்போது கிளாடிங் பளபளக்காது என்று மகன்தான் அவருக்குச் சொன்னார். பிளாஸ்டிக்கின் மேல் பூசும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட டிரெஸ்ஸிங் பூச்சு ஒன்றைப் பூசலாமா என்று கேட்டார்கள். ஒரு மாதம் வெறுமனே ஓட்டிவிட்டு வாருங்கள், ஏதாவது மிச்சமிருந்தால் அப்போது தெரியும் என்றோம்.

மிச்சம் இருந்தது. பங்குனி வெயிலில் வலது பின் கதவில், பெயிண்டும் கிளாடிங்கும் சேரும் இடுக்கிலிருந்து தலைமுடி அளவு வெள்ளைக் கோடு ஒன்று வெளியே வந்தது. இடுக்குக்குள் தங்கியிருந்த வேக்ஸ் வெயிலில் இளகி வழிந்திருக்கிறது. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலில் டர்பன்டைன் தொட்டு இடுக்குக்குள் விட்டு இழுத்து எடுத்தோம். மற்ற மூன்று கதவுகளுக்கும் அதையே செய்தோம். இரண்டில் நூல் அழுக்கோடு வந்தது. அதற்குப் பிறகு ஒரு டிரெஸ்ஸிங் பூசிக் கொடுத்தோம். சித்திரை முடிந்து வண்டி சர்வீஸுக்குப் போகும் வழியில் வந்து காட்டியபோது வெள்ளை எங்கும் இல்லை. தறிப் பஞ்சும் ஒட்டவில்லை.

வாட்டர் வாஷ் கடைக்காரரிடம் உரிமையாளர் பேசியிருக்கிறார். சண்டை எதுவும் இல்லை. வருடா வருடம் போகும் கடை. "அன்னைக்கு நின்ன வண்டிக்கெல்லாம் டேப் ஒட்டீட்டு இருந்தா பொழப்பு ஓடுங்களா" என்று அவர் கேட்டதாகச் சொன்னார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் டேப் ஒட்ட எந்தச் சாலையோரக் கடையாலும் முடியாது. ஆனால் அந்த நாளில் மெஷினையே எடுக்காமல் இருக்க முடியும். கழுவித் துடைத்து, பெயிண்டில் மட்டும் நான்கு விரல் ஓரம் விட்டு லேசாக வேக்ஸ் தேய்த்து அனுப்பினால் பூஜைக்கு அது போதும். கம்பவுண்டு தேவைப்படும் வண்டியை வேறொரு நாளைக்கு வரச் சொல்லலாம். இதை உரிமையாளர் வழியாகவே சொல்லி அனுப்பினோம்.

நடைமுறையில் மாற்றியவை

இந்த வண்டிக்குப் பிறகு, பிளாஸ்டிக் கறை என்று யார் வந்தாலும் வேலைச் சீட்டில் மூன்று கேள்விகள் சேர்ந்தன: எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், இதுவரை மேலே என்னென்ன பூசினீர்கள், வெள்ளை எந்த நேரத்தில் அதிகமாகத் தெரிகிறது. மூன்றாவது கேள்வி தேங்காய் எண்ணெயால் வந்தது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு வண்டியில், கடலை எண்ணெய் தடவியிருந்தார்கள்; அங்கே காலை வெள்ளை இல்லை, பிசுக்கு மட்டும்தான், ஆனால் கேட்டதால் ஒரு சுற்று வேலை மிச்சமானது.

விலை சொல்வதையும் மாற்றினோம். முன்பு வண்டியைப் பார்த்ததும் ஒரு தொகை சொல்வோம். இப்போது பஞ்சுக் குச்சிச் சோதனை முடிந்த பிறகுதான். கம்பவுண்டு மட்டும் என்றால் ஒரு காலை வேலை. வேக்ஸும் உப்பும் சேர்ந்தால் ஒன்றரை நாள். மெஷின் சூடு பட்ட இடம் என்றால் வேலையே கிடையாது, அதைக் காசு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பக்கத்திலிருந்து வெளியே போகும் பாலிஷ் வேலைகளில் கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் இடுக்குக்கும் சேர்த்து டேப் ஒட்டுகிறோம். இடுக்கை மூடும்படி அகலமான டேப். டேப்பை எடுத்த பிறகு, ஓரத்தில் ஏதாவது தப்பி விழுந்திருந்தால் காய்வதற்குள் ஈரத் துணியும் பிரஷ்ஷும் போட்டுவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது சில நொடி வேலை. வண்டியைக் கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக்கை முழுக்கக் காயவைத்து, வெயிலில் நிறுத்தி ஒரு முறை சுற்றிப் பார்க்கிறோம். ஈரத்தில் கொடுப்பதில்லை.

வீட்டில் கழுவுவதற்கு உரிமையாளருக்குச் சொன்னது: போர்த் தண்ணீரிலேயே கழுவுங்கள், ஆனால் காலையிலோ சாயந்திரமோ நிழலில் கழுவி, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். வைப்பர் தட்டைத் துடைக்க யாருக்கும் ஞாபகம் வராது, அதைத் தனியாகச் சொன்னோம்.

பக்கக் கண்ணாடியின் அடிப்பாகத்துக்கு புதுத் துண்டு மாற்ற ஆகும் செலவை உரிமையாளர் விசாரித்துவிட்டு, "அது கெடக்குட்டுமுங்க, ஓட்டறவனுக்கு மட்டுந்தான் தெரியும்" என்று விட்டுவிட்டார். பின் பம்பரின் இடது மூலையும் அப்படியே இருக்கிறது. பில்லின் அடியில் அதை எழுதி, படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டி எந்தக் கடைக்குப் போனாலும் அந்த மூலை யார் கையில் வந்தது என்ற கேள்வி எழக்கூடாது என்பதற்காக.